11.30க்கும் 4.30க்கும் இடையில்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். அஸ்வெசும பற்றியும் தோட்டச் சம்பளம் பற்றியும் எங்கள் ஊர்ப் பக்கங்களில் நிறையப் பேசுகிறோம். "காசு வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள் இல்லை" என்ற கருத்தையும் அடிக்கடி காண்கிறோம். அந்தப் பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டில் அடையாளம் போடுகிறவர்கள் நாங்கள். அதனால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் என்றால் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியைகள். எங்களில் கணிசமானோர் முஸ்லிம் பெண்கள். கல்வியியற் கல்லூரி முடித்து நியமனம் கிடைத்த நாளிலிருந்து, காலையில் டவுனில் பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, மிச்சத் தூரத்தைத் திரீவீலிலோ நடையிலோ கடந்து போகிறோம். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று எந்தப் பக்கம் வேலை செய்தாலும் ஆசிரியர் அறையில் பேசுவது ஏறக்குறைய ஒரே கதைதான்.

முதலில் ஒரு கணக்கு.

தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பாடசாலை 11.30க்கு விடுகிறது. தரம் 3, 4 பிள்ளைகளுக்கு 12.30. பெரிய வகுப்புகளுக்கு 1.30. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் தாய் கடைசி நிறுவை முடிந்து லயத்துக்கு வரும்போது பின்னேரம் நாலரையாகிவிடும். இடையில் 5 மணித்தியாலம். ஆறு வயதுப் பிள்ளை அந்த 5 மணித்தியாலமும் எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது, என்ன சாப்பிடுகிறது?

தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப் பலகை போட்டிருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கிழவியும் நாலு தொட்டிலும் இருந்த இடம், 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிறகு, அரசாங்கமும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையில் ஓரளவு சீரானது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வந்தார். நிறை பார்ப்பது, சத்துணவு, முன்பள்ளிப் பாட்டு எல்லாம் வந்தன. நல்ல விஷயம். மறுக்கவில்லை.

ஆனால் அது ஐந்து வயது வரைக்கும்தான். பிள்ளை தரம் 1க்கு வந்த அன்றே பிள்ளைக்காம்பராவின் கதவு மூடிவிடுகிறது. நான்கு வயதில் நாலரை மணி வரை பார்த்துக்கொள்ள ஆள் இருந்த பிள்ளைக்கு, ஆறு வயதில் 11.30க்குப் பிறகு ஆள் இல்லை. ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளை எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டது பாருங்கள்!

அடுத்தது இறப்பர் தோட்டம். எங்கள் மாகாணத்தின் கதை நுவரெலியாவின் கதை அல்ல. இங்கே தேயிலையோடு இறப்பரும் உண்டு. கேகாலைப் பக்கம் இறப்பர்தான் அதிகம். பால் வெட்டப் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன் மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். தாய் வீட்டை விட்டுக் கிளம்பும் அந்த நேரத்தில் பிள்ளைக்காம்பராவும் திறந்திருக்காது, பாடசாலையும் திறந்திருக்காது. சின்னதை யார் எழுப்பி, முகம் கழுவி, தேத்தண்ணி கொடுத்துக் கொண்டுபோய் விடுவது?

எங்கள் பதிவேட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மழை பெய்தால் மாணவர் வரவு குறையும் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இறப்பர் டிவிசன்களிலிருந்து வரும் சில பெண் பிள்ளைகள் மழை நாளில் சரியாக வந்துவிடுவார்கள். வெயில் நாளில்தான் வரமாட்டார்கள். தரம் 7, 8, 9 பிள்ளைகள். முதலில் காரணம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அம்மா வீட்டில் இருப்பாள். ஆகவே அக்காவுக்குப் பாடசாலை. வெயில் அடித்தால் அம்மாவுக்கு வேலை. ஆகவே அக்காவுக்குத் தம்பி.

ஒரு தாயிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "டீச்சர், நான் நின்னா ஒரு பேர் போயிரும். அவ நின்னா ஒண்ணும் போகாதுன்னு நெனைச்சிட்டேன்" என்றார். பேர் என்றால் செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். தாய் ஒரு நாள் நிற்பதற்கு விலை இருக்கிறது. மகள் ஒரு நாள் நிற்பதற்கு விலை இல்லை. அந்த வீட்டில் மட்டுமல்ல, நாட்டின் கணக்கிலும் அப்படித்தான்.

இங்கேதான் செலவுக் குறைப்பு பற்றிப் பேச வேண்டும்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய வருடத்தை விட ஏறக்குறைய 95 வீதம் கூடியிருந்தது. வற் வரி 8 வீதத்திலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. வருமானத்தைக் கூட்டு, செலவைக் கட்டுப்படுத்து என்பதுதான் அதன் சாராம்சம். ஏழைகளுக்கான கொடுப்பனவு ஒரு அளவுக்குக் கீழே போகக்கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. நியாயமாகச் சொன்னால், அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

அந்த வருடம் ஜூலையில்தான் அஸ்வெசும வந்தது. 1995இலிருந்து இருந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் நான்கு பிரிவுகள்: நிலைமாறும் குடும்பத்துக்கு 2,500 ரூபாய், பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000, வறிய குடும்பத்துக்கு 8,500, மிக வறிய குடும்பத்துக்கு 15,000. 2025 ஜனவரியிலிருந்து கடைசி இரண்டும் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் கூடின. யார் வறியவர் என்று தீர்மானிக்க 22 குறிகாட்டிகள். கல்வி, ஆரோக்கியம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்புகளில் அவை வருகின்றன.

அரசியல்வாதியின் சிபாரிசை விட இந்த முறை மேல் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் லயத்தில் இந்தப் படிவத்தை நிரப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் சிக்கல் தெரியும். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருக்கும். ஒரே மின்சாரப் பட்டியலில் இரண்டு அடுப்பு ஓடும். எது வீடு, எது குடும்பம் என்று எழுதுவதிலேயே ஒரு நாள் போகும். மேன்முறையீடு செய்யப் பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள், வங்கிக் கணக்கு திறக்க ஒரு நாள், கணக்கில் பெயர் பிழை என்றால் இன்னொரு நாள். மூன்று நாள் அலைந்தால் மூன்று பேர் போய்விட்டது. 2,500 ரூபாய்க் குடும்பத்துக்கு முதல் மாதக் கொடுப்பனவு அந்த அலைச்சலிலேயே முடிந்துவிட்டது.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். படிவத்தைத் திருத்தலாம். பெரிய பிரச்சினை வேறு. அந்த ஆறு தலைப்புகளில், தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது ஒரு தலைப்பே அல்ல. குடும்பத்துக்கு உதவி என்றால் காசு என்று மட்டும்தான் அரசாங்கமும் விளங்கிக்கொள்கிறது, நாமும் விளங்கிக்கொள்கிறோம். வேலைக்குப் போகும் தாய்க்குக் காசோடு சேர்த்து இன்னொன்றும் தேவை. பிள்ளையைப் பயமில்லாமல் விட்டுச் செல்ல ஒரு இடமும், அங்கே ஒரு ஆளும்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அரச ஆசிரியைகளான எங்களுக்குப் பிரசவத்துக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் விடுமுறை. அது முடிந்தால் அரைச் சம்பளத்தோடு 84 நாள். அதுவும் போதாவிட்டால் சம்பளமில்லாமல் இன்னுமொரு 84 நாள். வேலை போகாது, ஓய்வூதியம் போகாது. அல்ஹம்துலில்லாஹ், எங்கள் பிள்ளைகள் அந்த நிழலில்தான் வளர்ந்தார்கள். தகப்பனுக்கு அரச சேவையில் 3 நாள். தனியார் துறையில் தகப்பனுக்கு அதுவும் சட்டத்தில் இல்லை. பிள்ளை தாயின் பொறுப்பு என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

தோட்டத் தாய்க்கும் சட்டம் உண்டு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். நீண்ட காலமாக மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் இருந்தது. 2018இல் திருத்தம் வந்த பிறகு எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை. பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் வீதம். எழுத்தில் பார்த்தால் நல்ல சட்டம்.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இலங்கையில் தனியார் துறைப் பெண்ணின் மகப்பேற்றுச் சம்பளத்தை முதலாளிதான் கொடுக்க வேண்டும். பல நாடுகளில் சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து கொடுப்பது போல இங்கே ஒரு நிதி இல்லை. அதனால் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண் முதலாளியின் கண்ணுக்குச் செலவாகத் தெரிகிறாள். செக்ரோலில் பெயர் இருந்தால் சட்டம் அவளைக் காப்பாற்றும். பெயர் இல்லாவிட்டால்?

இப்போது பெயர் இல்லாதவர்கள்தான் கூடிக்கொண்டு வருகிறார்கள். கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர்கள், தேயிலைத் துண்டுகளைப் பிரித்துக் கொடுத்து விளைச்சலுக்கு ஏற்பக் காசு கொடுக்கும் முறையில் வேலை செய்பவர்கள், வெளியே சிறு தோட்டங்களுக்குப் போகிறவர்கள். இரத்தினபுரி மாவட்டம் சிறு தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. லயத்தில் இருந்துகொண்டு ஊர்க்காரரின் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் காணியில் கிலோ கணக்கில் கொழுந்து எடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். கையில் அன்றைக்கே காசு கிடைக்கிறது, கங்காணியின் சத்தம் இல்லை என்று சந்தோஷமாகத்தான் போகிறார்கள். ஆனால் அங்கே சேமலாப நிதி இல்லை, 84 நாள் இல்லை, பால் கொடுக்கும் இடைவேளை இல்லை, பிள்ளைக்காம்பரா இல்லை. பிள்ளையைச் செடிக்கு நடுவில் சீலை விரித்துக் கிடத்துகிறார்கள். இல்லாவிட்டால் அக்காவிடம் விடுகிறார்கள்.

சம்பளம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோரும் உண்டு. கூட வேண்டும், சந்தேகமில்லை. 2021இல் 1,000 ரூபாய். 2024 மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வந்தது, வழக்கு வந்தது, நீதிமன்றத் தடை வந்தது, கடைசியில் செப்டெம்பரில் 1,350 ஆனது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மறுபடியும் 1,700 பற்றிய பேச்சு இருந்தது. சரி, 2024இன் 1,350ஐ எடுத்துக்கொள்வோம். மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தால் 27,000 ரூபாய். சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் 24,840. எங்கள் பக்கத்து மழைக்கு இறப்பர் தோட்டத்தில் 20 நாள் என்பதே சில மாதங்களில் பெரிய விஷயம். இந்தக் காசில் அரிசியும் மாவும் கடைக் கடனும் போக, பிள்ளை பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? 2019 கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். அது நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2016இல் எடுத்த சுகாதார ஆய்வில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத சிறு பிள்ளைகள் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். தரம் 6 பிள்ளையைப் பார்த்து "நீ தரம் 4ஆ?" என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் கேட்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தகப்பன் எங்கே என்று கேட்பீர்கள். குடிக்கிறான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. குடிக்கிறவர்களும் உண்டு. ஆனால் எங்கள் பிள்ளைகளின் தகப்பன்மாரில் பலர் கொழும்பில் கடைகளில், ஹோட்டல்களில் நிற்கிறார்கள். சிலர் மாணிக்கக் குழியில் இறங்குகிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவையோ, பெருநாள் தீபாவளிக்கோ வந்து போகிறவர் நாளாந்தம் பிள்ளை பார்க்க முடியாது. லயத்தில் நிற்கும் தகப்பன் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தால் சிரிக்கும் ஊர் இது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தாயே வெளிநாடு போகும் கதையையும் விட முடியாது. அது தோட்டத்தில் மட்டும் இல்லை, எங்கள் முஸ்லிம் கிராமங்களிலும் இருக்கிறது. 2013இல் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக விரும்பும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்க வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. பெண்ணிடம் மட்டும் கேட்ட விதி அது. தகப்பன் கட்டாருக்குப் போகும்போது "பிள்ளையை யார் பார்ப்பது?" என்று எந்த அலுவலகமும் கேட்கவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் போனதும் அந்த விதி தளர்ந்தது, பெண்களுக்கான வயதெல்லையும் 21 ஆகக் குறைந்தது. தடுத்தது சரியா, தளர்த்தியது சரியா என்று இரண்டு பக்கமும் வாதிடலாம். போகும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்றுதான் நாங்கள் நம்புகிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தடுத்தபோதும் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பராமரிப்பு நிலையம் வரவில்லை. தளர்த்தியபோதும் வரவில்லை. தாயை நிறுத்தியபோதும் அனுப்பியபோதும் பிள்ளையைப் பார்க்கும் வேலையை அரசாங்கம் உம்மம்மாவின் தலையிலேயே வைத்தது. உம்மம்மாவும் இல்லாத வீட்டில் மூத்த மகளின் தலையில்.

பராமரிப்புக்கு அரசாங்கம் செலவழிக்காவிட்டால் அந்தச் செலவு இல்லாமல் போவதில்லை, கைமாறுகிறது. அமைச்சின் கணக்கிலிருந்து தாயின் கணக்குக்கு வருகிறது. தாயால் தாங்க முடியாதபோது மகளின் பதிவேட்டில் பூச்சியமாக விழுகிறது. அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறுகிறாள். பிறகு அவளும் செக்ரோலில் பெயரில்லாத ஒரு கொழுந்துப் பெண்ணாகிறாள். முப்பது வருடக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது சிக்கனமா?

இனி எங்கள் சமூகத்துக்கு ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம்.

வருடம் முடிகிற காலத்தில் எங்களுக்குச் சில தொலைபேசி அழைப்புகள் வரும். "டீச்சர், உங்கட தோட்டத்தில் நல்ல பிள்ளை ஒன்று இருந்தால் சொல்லுங்களேன். வீட்டில் சும்மா பேபியைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான். சாப்பாடு, உடுப்பு எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்." கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களும் வேலைக்குப் போகும் தாய்மார்தான். டவுனில் நம்பி விடக்கூடிய பகல் நேரப் பராமரிப்பு நிலையம் இல்லை, இருந்தாலும் கட்டணம் அதிகம். அவர்களுடைய கஷ்டம் உண்மையானது. ஆனால் அந்த நல்ல பிள்ளைக்கு 14, 15 வயது. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்த நாட்டின் சட்டம். எங்கள் பிள்ளையைப் பார்ப்பதற்காக இன்னொருவரின் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுப்பதை எந்தப் பெயர் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. ஆசிரியைகளாகிய நாங்கள் அந்த அழைப்புகளுக்கு ஒரே பதில்தான் சொல்கிறோம்: இல்லை.

குறை மட்டும் சொல்லி முடிக்க விரும்பவில்லை. செய்யக்கூடியவை இருக்கின்றன, சில பெரிய செலவும் அல்ல.

இந்தியாவின் நூறு நாள் வேலைத் திட்டச் சட்டத்தில், 2005இலேயே ஒரு ஏற்பாடு வைத்தார்கள். வேலைத்தலத்துக்குப் பெண்களோடு வரும் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க நிறுத்த வேண்டும், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலியை அவருக்கும் கொடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளை பார்ப்பதும் ஒரு பேர் விழ வேண்டிய வேலைதான் என்று சட்டத்தில் எழுதினார்களே, அது பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் உதவித் தொகை அல்ல, மகளிர் உரிமைத் தொகை. வீட்டில் செய்வதும் உழைப்பு என்று ஏற்றுக்கொள்ளும் பெயர் அது.

இங்கேயும் நல்லது நடக்கவில்லை என்றில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு 2015இல் மாதம் 2,000 ரூபாயாகத் தொடங்கியது, பிறகு 4,500 ஆனது. 2024இலிருந்து தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலையில் பகலுணவு விரிவாக்கப்பட்டது. முன்பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவுக்கான தொகையை 60 ரூபாயிலிருந்து 100 ஆக்க 2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார்கள். சாப்பாடு கொடுக்கத் தொடங்கினால் வரவு எப்படிக் கூடும் என்பதை எங்களை விட யாரும் நன்றாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சோற்றைச் சமைத்துக் கொண்டுவருகிறவர்களும் பெரும்பாலும் அதே பிள்ளைகளின் தாய்மார்தான். கொடுப்பனவு பிந்தினால் கடையில் கடன் சொல்லிச் சமைக்கிறார்கள். குடும்பத்துக்கான இன்னொரு திட்டத்தையும் தாயின் கைக்காசுதான் தாங்குகிறது.

எங்கள் வேண்டுகோள்கள் இவை.

முதலாவது, தோட்டத் தலைவர்மாருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு நேரத்தையும் கேளுங்கள். இறப்பர் டிவிசனில் பிள்ளைக்காம்பரா பால் வெட்டு நேரத்துக்குத் திறக்க வேண்டும். 11.30க்கு விடும் தரம் 1, 2 பிள்ளைகளும் பின்னேரம் வரை அங்கே இருக்க அனுமதிக்க வேண்டும். கட்டடம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பல இடங்களில் பிள்ளைத் தொகை குறைந்து இடமும் மிஞ்சிக் கிடக்கிறது. தேவை இன்னொரு ஆளின் சம்பளம். வெளியே வேலைக்குப் போகும் பெண்ணின் பிள்ளையையும் அங்கே சேர்க்க வேண்டும். பிள்ளைக்கு செக்ரோல் தெரியாது.

இரண்டாவது, சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் சகோதரர்களுக்கு. இதை வாசிப்பவர்களில் பலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் காணியில் ஆறேழு பெண்கள் கொழுந்து எடுத்தால், அவர்களில் ஒருவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கூரைத் தகடு, ஒரு பாய், கொதித்தாறிய தண்ணீர். பக்கத்துக் காணிக்காரரோடு செலவைப் பங்கு போடலாம். ஸதகா என்று நினைத்துச் செய்தாலும் நல்லது. அவர்களுடைய ஹக் என்று நினைத்துச் செய்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, படித்த இளைஞர் யுவதிகளுக்கு. அஸ்வெசும மேன்முறையீடு, வங்கிப் படிவம், பிறப்புச் சான்றிதழ்த் திருத்தம் ஆகியவற்றுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலேயே உட்கார்ந்து உதவ ஆட்கள் தேவை. பள்ளிவாசல் மண்டபம், கோயில் மண்டபம், பாடசாலை எதுவாக இருந்தாலும் சரி. கிராம உத்தியோகத்தரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் அன்று வர ஒத்துக்கொண்டால், ஒரு தாய்க்கு மூன்று பேர் மிஞ்சும்.

நான்காவது, வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. வீடு எப்போது, காணி எப்போது என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அதோடு சேர்த்து, "எங்கள் பிள்ளைகள் 11.30க்குப் பிறகு எங்கே இருப்பார்கள்?" என்றும் கேளுங்கள். அடுத்த முறை அஸ்வெசும குறிகாட்டிகளைத் திருத்தும்போது அந்தக் கேள்வியும் படிவத்தில் ஏற வேண்டும்.

ஐந்தாவது, எங்கள் சக ஆசிரியர்களுக்கு. வெயில் நாளில் வராத பெண் பிள்ளை இருந்தால், திட்டுவதற்கு முன் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுக் குறித்து வையுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். எங்கள் பாடசாலையில் இந்தத் தவணையிலிருந்து இதைத் தொடங்கியிருக்கிறோம். பல பாடசாலைகளின் குறிப்பு ஒன்று சேர்ந்தால் வலயக் கல்விப் பணிமனைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுக்க எங்களிடம் ஒரு கடதாசியாவது இருக்கும். "பிள்ளைகளை அனுப்புகிறார்கள் இல்லை" என்று சும்மா சொல்லிக்கொண்டிருப்பதை விட அது பிரயோசனமானது.

உங்கள் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது, எத்தனை வயது வரை எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் மட்டும் போட்டால் போதும். பிள்ளைகளின் பெயரோ படமோ தயவுசெய்து போட வேண்டாம்.